இலவச இணையப் படிப்பு: சேர்வது எளிது, முடிப்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சிங்கப்பூரின் தேக்கா பக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் ஒன்றின் கீழ்த்தளக் கல்மேசையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு எதிரே புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர். இங்கே கட்டுமானத் தளத்தில் சாரம் கட்டும் வேலை. ஊரில் இயந்திரவியல் டிப்ளோமா முடித்தவர். அவர் கைப்பேசியில் பைத்தான் நிரல்மொழிப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. பேராசிரியர் ஆங்கிலத்தில் பேச, அடியில் இயந்திரம் மொழிபெயர்த்த தமிழ் வரிகள் வந்துகொண்டிருந்தன. சட்டென்று நிறுத்தினார்.

“அக்கா, இதுல சரம் சரம்னு வருதே. முதல்ல சாரம்னு படிச்சிட்டேன். இது பூச்சரமா?”

‘ஸ்ட்ரிங்’ என்ற சொல்லைத்தான் இயந்திரம் ‘சரம்’ என்று போட்டிருந்தது. யோசித்தால் அது நல்ல சொல். பூவைத் தொடுப்பது போல எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து வைத்தால், கணினிக்கு அது ஒரு சரம். ‘தேக்கா’வை ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்து எழுத்து, அதாவது ஐந்து பூ. கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும், அதனால் நமக்கு மூன்றாவது பூ அதற்கு இரண்டாவது. இவ்வளவுதான் சொன்னேன். தம்பி பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஐந்து பூ வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் 0, 1, 2, 3, 4 என்று எழுதிக்கொண்டார். அதற்கு முந்தின பத்து நாளாக அந்த ஒரு சொல்லில்தான் அவர் நின்றுபோயிருந்தார்.

அந்தப் பாடத்தை நடத்துபவர் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்ல்ஸ் செவரன்ஸ். தம்பி அதற்கு ஒரு காசும் கொடுக்கவில்லை. விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, வயது வரம்பு எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட படிப்புகளைத்தான் சுருக்கமாக ‘மூக்’ என்கிறார்கள். தமிழில் பெருந்திரள் திறந்தநிலை இணையவழிப் படிப்பு. பெயர் நீளம்தான், ஆனால் எல்லாம் அதிலேயே இருக்கிறது. பெருந்திரள் என்றால் ஒரே வகுப்பில் ஆயிரம் பேரும் இருக்கலாம், ஒரு லட்சம் பேரும் இருக்கலாம். திறந்தநிலை என்றால் யாரும் நுழையலாம். படிப்பு என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. யூடியூபில் தனித்தனியாகக் கிடக்கும் காணொளிகள் படிப்பு ஆகா. தொடக்கம், வரிசை, பயிற்சி, தேர்வு, முடிவு எல்லாம் இருந்தால்தான் படிப்பு.

உள்ளே என்ன இருக்கும்?

பெரும்பாலும் நாலு வாரம் முதல் பன்னிரண்டு வாரம் வரை ஓடும். ஒவ்வொரு வாரத்துக்கும் சில குட்டிக் காணொளிகள். இரண்டு மணி நேர விரிவுரையை அப்படியே ஏற்றினால் யாரும் பார்ப்பதில்லை. எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் லட்சக்கணக்கான முறை காணொளிகள் பார்க்கப்பட்டதை 2014இல் ஆராய்ந்தபோது, ஆறு நிமிடத்துக்குள் முடியும் காணொளிகளைத்தான் மாணவர்கள் முழுமையாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அதனால்தான் பாடங்களை இப்படித் துண்டு துண்டாக நறுக்கி வைக்கிறார்கள்.

காணொளிக்குப் பிறகு கேள்விகள் வரும். சரியான விடையைத் தேர்ந்தெடு, எண்ணை நிரப்பு, நிரலை எழுது போன்றவற்றைக் கணினியே திருத்திவிடும். கட்டுரை எழுத வேண்டிய படிப்பில் ஐம்பதாயிரம் கட்டுரைகளை யார் திருத்துவது? மாணவர்களே. நீங்கள் ஒன்று எழுதிச் சமர்ப்பித்தால், முன்பின் தெரியாத மூன்று நான்கு சக மாணவர்களின் கட்டுரைகள் உங்களிடம் வரும். கொடுக்கப்பட்ட மதிப்பெண் வழிகாட்டியைப் பார்த்து அவற்றைத் திருத்த வேண்டும். உங்களுடையதும் அப்படியே வேறு யாரிடமோ போகும். சில நேரம் பொறுப்பான கருத்து வரும், சில நேரம் ‘நன்று’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். ஐயம் கேட்க ஒரு கலந்துரையாடல் பகுதியும் இருக்கும். அதில் கேள்விகள் குவிந்து கிடக்கும். பேராசிரியர் நேரில் வந்து பதில் சொல்வது அபூர்வம்.

எப்படித் தொடங்கியது?

2001 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கியது. இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம். அதே ஆண்டு ஏப்ரலில்தான் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடக்குறிப்புகள் அனைத்தையும் இணையத்தில் இலவசமாக வெளியிடப்போவதாக அறிவித்தது. உலகெங்கும் உள்ள தமிழர்களுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம் என்று நாம் கிளம்பியது அவர்களுக்கு இரண்டு மாதம் முந்தி. அதற்கும் முன்பே, 1997இல் தமிழ்க் கணிமை முன்னோடி நா. கோவிந்தசாமியின் முயற்சியில் தமிழ் இணைய மாநாடு முதன்முதலாகக் கூடியது நம் சிங்கப்பூரில். இந்தத் துறையின் வரலாற்றை அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நான் படித்த எந்த அறிமுகத்திலும் இது இல்லை என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

‘மூக்’ என்ற பெயர் 2008இல் கனடாவில் பிறந்தது. மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமென்ஸ், ஸ்டீஃபன் டௌன்ஸ் இருவரும் நடத்திய ஒரு படிப்பில் கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர். இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000க்கும் மேல். உலகம் திரும்பிப் பார்த்தது 2011இல். ஸ்டான்ஃபர்டின் செயற்கை நுண்ணறிவுப் படிப்பை செபாஸ்டியன் த்ரன்னும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் திறந்துவிட, சுமார் 1,60,000 பேர் பதிந்தார்கள். மறு ஆண்டு உடாசிட்டி, கோர்செரா, எட்எக்ஸ் என்று மூன்று தளங்கள் அடுத்தடுத்து வந்தன. கோர்செராவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஆண்ட்ரூ இங் நம் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்தில் படித்தவர். பிறகு நம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்துகொண்டன. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தடயவியல் அறிமுகப் படிப்பை எங்கோ உள்ள ஒருவர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கலாம். 2021இல் சீனாவைச் சேர்க்காமலேயே உலகெங்கும் சுமார் 22 கோடிப் பேர் இத்தகைய படிப்புகளில் பதிந்திருந்ததாகக் கணக்கு.

இந்தியாவில் ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம் தனி ரகம். பொறியியல் படித்த எவருக்கும் அந்த நீண்ட விரிவுரைகள் நினைவிருக்கும். 2014 முதல் அதில் சான்றிதழும் உண்டு. படிப்பு இலவசம், தேர்வை மட்டும் கட்டணம் கட்டித் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பல பாடங்களின் உரையைத் தமிழில் மொழிபெயர்த்தும் வைத்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் தடுமாறுகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

எது இலவசம், எது இல்லை?

ஆரம்பத்தில் எல்லாமே இலவசமாக இருந்தது, சான்றிதழ் உட்பட. ஆனால் காணொளி எடுக்கவும் தளத்தை நடத்தவும் செலவாகிறது, முதலீடு போட்டவர்களும் வருமானம் எதிர்பார்க்கிறார்கள். அதனால் கதவு கொஞ்சம் கொஞ்சமாகச் சாத்தப்பட்டு வருகிறது. இன்று சில படிப்புகளில் காணொளிகள் மட்டும் இலவசம். மதிப்பெண் தரும் தேர்வுக்கும் சான்றிதழுக்கும் பணம். சிலவற்றில் முதல் பகுதி மட்டும்தான் இலவசம். முழுக்க இலவசமானவையும் இன்னும் இருக்கின்றன. செவரன்ஸ் தன் பைத்தான் படிப்பை, பாடநூலோடு சேர்த்து, தன் சொந்த இணையத்தளத்திலும் இலவசமாக வைத்திருக்கிறார். ஹார்வர்டின் புகழ்பெற்ற கணினி அறிவியல் அறிமுகமான ‘சிஎஸ்50’ஐ முடித்தால் இலவசச் சான்றிதழே தருகிறார்கள். கான் அகாடமி லாபநோக்கமற்ற அமைப்பு, அங்கே பாடங்களுக்குக் காசில்லை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ‘ஏழு நாள் இலவசம்’ என்று சொல்லிவிட்டு வங்கி அட்டை எண் கேட்டால் நின்று யோசியுங்கள். ஒரு தளத்தில் நான் அப்படித்தான் சேர்ந்தேன். எட்டாம் நாள் காலையில் 60 வெள்ளிக்கு மேல் பிடித்துவிட்டார்கள். திரும்ப வாங்க இரண்டு வாரம் மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. என் சம்பளத்தில் அது பெரிய தொகை இல்லைதான். நாள்கூலிக்கு உழைக்கும் ஒருவருக்கு அது ஊருக்கு அனுப்ப வேண்டிய பணம். அட்டை எண் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், சேர்ந்த அன்றே கைப்பேசியில் ஆறாம் நாளுக்கு அலாரம் வையுங்கள்.

சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடிக்கிறார்கள்?

இலவசப் படிப்பு என்றதுமே இந்தக் கேள்வி வரும். எட்எக்ஸ் 2012இல் நடத்திய முதல் படிப்பு எம்ஐடியின் மின்சுற்றுகள் பாடம். பதிந்தவர்கள் சுமார் 1,55,000, தேறியவர்கள் சுமார் 7,200. அப்படித் தேறியவர்களில் முழு மதிப்பெண் வாங்கிய ஒருவன் மங்கோலியாவைச் சேர்ந்த 15 வயதுப் பையன். அவனுக்குப் பிறகு எம்ஐடியிலேயே இடம் கிடைத்தது. ஒரே படிப்பின் இரண்டு முகங்கள் இவை. எதை மட்டும் பார்த்தாலும் தவறாகத்தான் புரிந்துகொள்வோம்.

எம்ஐடி, ஹார்வர்ட் படிப்புகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து கணக்கெடுத்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. பதிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் படிப்பின் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. 2017-18இல் முடித்தவர்கள் 100க்கு 3 பேர்தான். ஆனால் பணம் கட்டிச் சான்றிதழுக்கென்றே சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 100க்கு 46 பேர் முடித்திருந்தார்கள்.

அந்த 3ஐப் பார்த்து இலவசப் படிப்பே வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நூலகத்தில் புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திரும்ப வைக்கிறோம். அதை யாரும் தோல்வி என்று சொல்வதில்லை. தனக்கு வேண்டிய ஒரு பாடத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவரும் உண்டு. நானே புள்ளியியல் படிப்பு ஒன்றில் மூன்றாம் வாரத்தை மட்டும் பார்த்தேன். அலுவலகத்தில் எனக்குத் தேவைப்பட்டது அதுதான். தளத்தின் கணக்கில் நான் பாதியில் விட்டவள்.

கவலைப்பட வேண்டியவர்கள் வேறு. முடிக்க வேண்டும் என்று மனதார ஆசைப்பட்டு, முட்டி மோதி, ஏதோ ஓரிடத்தில் சிக்கி, கேட்க ஆளில்லாமல் விட்டுவிடுகிறவர்கள். அவர்கள் விட்டது சோம்பலால் என்று நினைக்கிறோம். அவர்களும் அப்படியே நினைத்துக்கொள்கிறார்கள். அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

2013இல் அமெரிக்காவின் சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகமும் உடாசிட்டியும் சேர்ந்து கணிதம், புள்ளியியல் பாடங்களை இணையத்தில் நடத்திப் பார்த்தன. ஏற்கெனவே கணிதத்தில் பின்தங்கியிருந்த மாணவர்கள் பலரை அதில் சேர்த்தார்கள். தேர்ச்சி வகுப்பறையைவிட வெகுவாகக் குறைந்தது. அந்த ஆண்டு நடுவிலேயே திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். அதே ஆண்டு பென்சில்வேனியா பல்கலைக்கழகம் தன் கோர்செரா மாணவர்களிடம் எடுத்த ஆய்வில், 100க்கு 83 பேர் ஏற்கெனவே கல்லூரிப் பட்டமோ பட்டயமோ வைத்திருந்தார்கள். எப்படிப் படிப்பது என்று முன்பே தெரிந்தவர்களுக்கு இந்தக் கதவு அகலமாகத் திறக்கிறது. படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர்களுக்குக் கதவு திறந்திருந்தும் படி உயரமாக இருக்கிறது.

உலக அளவில் இணையமே இல்லாதவர்கள் 2024 கணக்குப்படி சுமார் 260 கோடிப் பேர். அவர்களுக்கு இந்தப் பேச்சே இன்னும் தொடங்கவில்லை. சிங்கப்பூரில் இணையம் ஒரு பிரச்சினையில்லை. இங்கே தட்டுப்பாடு நேரத்துக்கும் இடத்துக்கும்தான். தம்பி தங்கியிருக்கும் விடுதி அறையில் பன்னிரண்டு பேர். காலை ஐந்தரைக்கு லாரி வந்துவிடும். இரவு எட்டு மணிக்குக் குளித்துச் சாப்பிட்டு முடித்தால், கட்டிலின் மேல்தட்டில் படுத்துக்கொண்டு காதில் கருவியை மாட்டிப் பாடம் பார்க்கிறார். கைப்பேசித் திரையில் நிரல் எழுதிப் பாருங்கள், ஒரு காற்புள்ளி வைக்க எத்தனை முறை தட்ட வேண்டியிருக்கிறது என்று தெரியும்.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 25 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்கு 2016 முதல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசுப் பயிற்சித் திட்டக் கணக்கில் 500 வெள்ளி வந்தது. 2024இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மேலும் 4,000 வெள்ளி கொடுத்தார்கள். எனக்கும் வந்தது, நல்ல திட்டம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிகளுக்கு நான் பயன்படுத்தவும் செய்கிறேன். ஆனால் அது குடிமக்களுக்கானது. வேலை அனுமதிச் சீட்டில் வந்திருக்கும் தம்பிக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஆக, இந்தத் தீவில் இலவச இணையப் படிப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவருக்குத்தான் அதை முடிக்க வசதி மிகவும் குறைவு.

என்னதான் செய்வது?

இத்தனை ஆண்டுகளில் நான் கண்டது ஒன்றுதான்: கூட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நிபுணராக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் ‘பியர் டு பியர் யுனிவர்சிட்டி’ என்ற அமைப்பு சிகாகோ பொது நூலகத்தோடு சேர்ந்து 2015இல் ஓர் ஏற்பாடு செய்தது. ஒரே இணையப் படிப்பில் சேர விரும்பும் சிலர் வாரம் ஒருமுறை நூலகத்தில் கூடி, அவரவர் கணினியில் பாடத்தைப் பார்த்து, பேசி, பயிற்சியைச் சேர்ந்தே செய்வார்கள். நடத்துபவர் ஆசிரியர் அல்லர், நூலகர். அவருக்கே அந்தப் பாடம் புதிது. அவர் வேலை எல்லாரையும் மேசைக்கு வரவைப்பது, யாராவது சிக்கினால் விடை எங்கே கிடைக்கும் என்று சேர்ந்து தேடுவது. ‘படிப்பு வட்டம்’ என்று இதைச் சொல்லலாம். பிறகு வேறு பல ஊர் நூலகங்களும் இதைச் செய்தன.

எங்கள் கல்மேசையும் அப்படித்தான் தொடங்கியது. நான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அறிக்கைகளைச் சீக்கிரம் முடிக்கத்தான் பைத்தான் கற்றேன், அதுவும் இரண்டு முறை பாதியில் விட்டு மூன்றாம் முறை. இப்போது நாலு பேர் வருகிறோம். இவர்களில் ஒருவர் தாதி, ஒருவர் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. ஒரு மடிக்கணினி, இரண்டு மணி நேரம், நடுவில் ஒரு தே தாரிக் தேநீர். வாரநாளில் ஐயம் வந்தால் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் தமிழிலேயே கேட்டுக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பதிலும் நன்றாகவே வருகிறது, சில சமயம் தவறாகவும் வருகிறது. ஆனால் அது ‘போன வாரம் ஏன் வரலை?’ என்று கேட்பதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அறிமுகக் காணொளியில் மயங்காமல் கடைசி வாரப் பயிற்சியைப் பாருங்கள். அதைச் செய்யத் தெரிந்தால் உங்கள் வேலையிலோ வீட்டிலோ என்ன மாறும் என்று ஒரு வரி எழுத முடிந்தால் சேருங்கள். ஒரே நேரத்தில் ஒன்று போதும். தளம் ‘வாரம் மூன்று மணி நேரம்’ என்று சொன்னால் ஆங்கிலம் இரண்டாம் மொழியாக உள்ளவர்கள் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை 0.75க்குக் குறைத்துப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை.

சான்றிதழைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். வேலை விண்ணப்பத்தில் அது ஒரு வரிதான். எங்கள் அலுவலகத்தில் ஆள் எடுக்கும்போது நான் பார்த்த வரையில், ‘இதை வைத்து என்ன செய்தீர்கள்?’ என்ற அடுத்த கேள்விக்குத்தான் மதிப்பு. தம்பி தன் கட்டுமானத் தளத்தில் வரும் போகும் சாரக் குழாய்களின் கணக்கை ஒரு குட்டி நிரலாக எழுதத் தொடங்கியிருக்கிறார். ஆறு மீட்டர் குழாய் எத்தனை, நாலு மீட்டர் எத்தனை, எத்தனை கிளாம்ப் திரும்பவில்லை என்று மேற்பார்வையாளர் தினமும் காகிதத்தில் கூட்டுவதை அது கூட்டிவிடும். இன்னும் முழுதாக ஓடவில்லை. கோப்பிலிருந்து எண்களைப் படிக்கும் இடத்தில் சிக்குகிறது.

இரண்டு வாரமாக அவருக்கு ஞாயிறும் வேலை. நேற்று இரவு குரல்பதிவு ஒன்று வந்தது. பின்னால் அறையில் யாரோ சிரிக்கும் சத்தம், மின்விசிறி ஓடும் சத்தம். “அக்கா, இந்த ஞாயிறு லீவு. நாலு மணிக்கு வந்துர்றேன். ஃபைல் பாடத்தை முதல்ல இருந்து பாப்போம். நோட்டு எடுத்துட்டு வர்றேன்.”